கபோசி சர்கோமா: மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்

வலது பாதத்தில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு. வலிக்கவில்லை, அரிக்கவும் இல்லை. எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்று விட்டுவிட்டேன். இரண்டே மாதத்தில் ஒன்பது திட்டுகள், மேலண்ணத்தில்கூட ஒன்று. பயாப்ஸியில் (திட்டிலிருந்து துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) கபோசி சர்கோமா என்ற புற்றுநோய் என்று வந்தது. எச்.ஐ.வி. இருப்பதும் அந்த வாரம்தான் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 110, மிகக் குறைவு.

இந்தப் புற்றுநோயைக் கிளப்புவது எச்.எச்.வி.-8 என்ற வைரஸ். எதிர்ப்புச் சக்தி விழும்போது அது தலைதூக்கும். அதனால்தான் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையே சிகிச்சையின் அடித்தளம். தோலில் சில திட்டுகள் மட்டும் உள்ள பலருக்கு அதுவே போதும். சில மாதங்களில் சுருங்கிவிடும்.

மாத்திரை தொடங்கிய ஐந்தாவது வாரம் எனக்குத் திட்டுகள் கூடின, கால் வீங்கியது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தப் போனேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எதிர்ப்புச் சக்தி மீண்டு எழும்போது முதல் சில மாதங்களில் இப்படி நடப்பதுண்டு. மருத்துவர்கள் இதை ஐரிஸ் (IRIS) என்பார்கள். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே மருத்துவரைப் பாருங்கள், கீமோ சேர்க்க வேண்டியிருக்கலாம். மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம், கறுப்பு மலம் என்றால் அன்றே போக வேண்டும்.

இன்னொன்று, ஸ்டீராய்டு. வீக்கத்துக்கு என்று ஓரிடத்தில் எனக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் புதுத் திட்டுகள் முளைத்தன. அது இந்த நோயைத் தூண்டிவிடக்கூடியது. எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

எனக்கு லிப்போசோமல் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து போட்டார்கள், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு சுற்று. இதயத்தைப் பார்க்க முன்கூட்டியே எக்கோ எடுத்தார்கள். மருந்து ஏறிய பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகலாம், பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரியலாம். சில நாளைக்குச் சுடுநீரும் இறுக்கமான செருப்பும் வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள்.

ஏ.ஆர்.டி. மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ரிடோனாவிர், கோபிசிஸ்டாட் போன்றவை பேக்ளிடாக்சல் மாதிரியான கீமோ மருந்தின் அளவை உடம்பில் ஏற்றிவிடக்கூடும்.

மாதம் ஒரு முறை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் திட்டுகளைப் படம் எடுங்கள். கண் ஏமாற்றும், படம் ஏமாற்றாது. முதலில் மேடு தட்டையாகும், அப்புறம் ஊதா பழுப்பாகும். பழுப்புத் தடம் நெடுநாள் இருக்கும். அதை மட்டும் பார்த்து நோய் போகவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். புதிதாக ஏதும் வருகிறதா என்பதைக் கவனியுங்கள்.

ஏ.ஆர்.டி. வருவதற்கு முந்தைய காலத்தில் இந்த நோய் பலரைச் சீக்கிரமே கொண்டுபோனது. இன்று நோய் தோலோடு நின்றவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் நன்றாக வாழ்கிறார்கள். நுரையீரலுக்குப் போனால் போராட்டம் கடினம்தான், ஆனாலும் சிகிச்சை உண்டு. மாத்திரை விட்டுப்போனால் நோய் திரும்பலாம்.

எனக்கு இது நான்காவது ஆண்டு. சிடி4 430, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. பாதத்தில் ஒன்பது பழுப்புத் தடங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் இன்னும் படம் எடுக்கிறேன்.