நிழலுக்குப் புங்கன் போதும்

வாசலில் நிழலுக்கு மரம் வைக்க சவுண்டல் (சூபாபுல்) கன்று வாங்காதீர்கள். புங்கன் விதை ஒன்றை ஊன்றுங்கள், காசு செலவில்லை. மரத்தடியில் கிடக்கும் இந்த வருடத்துக் காயை உடைத்தால் உள்ளே அவரைக்கொட்டை போல, செம்பழுப்பு நிறத்தில் ஒன்றோ இரண்டோ விதை இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும்.

சவுண்டல் மெக்சிகோ பக்கத்து மரம். காய் வெடித்துச் சிதறிய விதை ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும், வெட்டினாலும் அடிமரம் துளிர்க்கும். பக்கத்துத் தோட்டத்தையும் அது விட்டுவைக்காது. புங்கன் நம் மண்ணின் மரம். இலையுதிர்வது கொஞ்ச நாள்தான், சித்திரை வெயிலுக்குள் பளபளவென்று புதுத்தழை கட்டிவிடும். அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும்.

சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வைக்க இடமில்லையென்றால் இது வேண்டாம். கார் நிறுத்தும் இடத்திலும் யோசியுங்கள், பூ பொரி பொரியாகக் கொட்டும். அப்புறம், ஃபுளோரிடாவில் இருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. அங்கே புங்கன்தான் வந்தேறி, தானாகப் பரவுகிறது.