ஃபெம்டோ லேசரால் வைரஸை முடக்கும்போது செய்யும் தவறுகள்

லேசர் என்றதும் வைரஸைச் சுட்டுப் பொசுக்குவதாகவே பலரும் நினைக்கிறார்கள். முதல் தவறே அதுதான். 2007-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோங்-தான் சென் குழுவினர், பாக்டீரியாவைத் தாக்கும் எம்13 வைரஸை 425 நானோமீட்டர் ஒளியால் செயலிழக்க வைத்தார்கள். ஒவ்வொரு ஒளித் துடிப்பும் சுமார் 100 ஃபெம்டோநொடிதான் (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதற்குள் ஒளியே 30 மைக்ரோமீட்டர்தான் நகரும், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அந்தத் துடிப்பு வைரஸின் புரத மேலோட்டை அதிர வைக்கிறது என்றார்கள். 2012-இல், கொழுப்புச் சவ்வு போர்த்திய வைரஸில் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைக் காட்டினார்கள். இரண்டிலும் கொதிக்க வைக்கும் வேலை இல்லை.

அப்புறம், மீட்டர் காட்டும் வாட்டை மட்டும் குறித்துக்கொள்வது. சராசரி 1 வாட், நொடிக்கு 8 கோடி துடிப்பு என்றால் ஒரு துடிப்பில் 12.5 நானோஜூல். அதை 100 ஃபெம்டோநொடிக்குள் அடைத்தால் உச்சத் திறன் 125 கிலோவாட்! காரியம் செய்வது இந்த உச்சம்தான். எனவே அதே நிறம், அதே சராசரி வாட், ஆனால் துடிப்பில்லாத தொடர் ஒளியை இன்னொரு குழாயில் பாய்ச்சிப் பார்த்தே ஆகவேண்டும். அதிலும் வைரஸ் செத்தால் (வைரஸ் சாகுமா என்ற வழக்கு தனி) பெருமை துடிப்புக்குப் போகாது.

துடிப்பு லேசரை விட்டுக் கிளம்பிய அளவிலேயே மாதிரியைச் சேரும் என்று நம்பவும் கூடாது. 800 நானோமீட்டரில் 20 ஃபெம்டோநொடித் துடிப்பு, 10 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் கண்ணாடியைக் கடந்தாலே சுமார் 54 ஃபெம்டோநொடியாக விரிந்துவிடும். 100 ஃபெம்டோநொடித் துடிப்போ அசைந்துகொடுக்காது.

முடிவை பிசிஆரில் (மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) பார்ப்பதுதான் எனக்கு மிக எரிச்சலூட்டும் தவறு. மரபணு சேதமாகாமல் மேலோடு மட்டும் கெட்டிருந்தால், எல்லாம் அப்படியே இருப்பதாகத்தான் பிசிஆர் சொல்லும். தொற்றும் திறன் போனதா என்பதை பிளேக் (வைரஸ் தொற்றிய இடத்தில் செல் படலத்தில் தெரியும் வெளிறிய புள்ளி) எண்ணித்தான் அறியவேண்டும். 99 சதவீதம் போனாலும் பத்து லட்சத்தில் பத்தாயிரம் மிச்சம். லேசர் குவியும் இடம் மிகச் சிறியது என்பதால் கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

சரி, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி? நீலத்தை மட்டும் தடுப்பது போதாது. 850 நானோமீட்டர் ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கித்தான் 425 கிடைக்கிறது. மாறாமல் மிஞ்சும் 850-உம் கூடவே வரும். அது கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, ஆனால் நேராக விழித்திரைக்குப் போகும்.