தசமக் கணக்கு: புள்ளியை கடைசியா வைக்கச் சொல்லுங்க

0.35 பெருசா 0.4 பெருசான்னு எட்டாவது படிக்கிற பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க. நான் எடுத்த எந்த பேட்ச்லயும் பாதிப் பேர் 0.35க்குதான் கை தூக்குவாங்க, ஏன்டான்னு கேட்டா "முப்பத்தஞ்சு நாலைவிட பெருசு மிஸ்"னு கொஞ்சம்கூட சந்தேகமே இல்லாம பதில் வரும். இதே பசங்க 0.35ஐயும் 0.4ஐயும் கூட்டச் சொன்னா சில நேரம் சரியா 0.75ன்னு போட்டுடுவாங்க, அதனால நமக்கு இது தெரியாமலேயே போயிடுது. கூட்டத் தெரியுது, ஆனா அந்த எண் எவ்வளவு பெருசுன்னு தெரியல. அதனால தசமம் ஆரம்பிக்கிற முதல் நாள் எந்தக் கணக்கும் வேணாம். போர்டுல 0.4, 0.35, 0.125, 0.09 நாலையும் எழுதி சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் அடுக்கச் சொல்லுங்க, பதிலோட காரணத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. ரெண்டு வகை தப்பு வரும். ஒண்ணு நீளமா இருக்கிறதெல்லாம் பெருசுன்னு 0.125ஐ உச்சில வைக்கிற கூட்டம். இன்னொண்ணு நேர் எதிரா, ஆயிரத்துல ஒண்ணு பத்துல ஒண்ணை விட சின்னதுதானே, அப்போ நீளமா இருக்கிறதுதான் சின்னதுன்னு 0.125ஐ அடில வைக்கிற கூட்டம். இந்த ரெண்டாவது கூட்டம் பாடத்தை அரைகுறையா புரிஞ்சுக்கிட்டவங்க, இவங்களுக்கு நிறைய கணக்குல பதில் சரியா வந்துடறதால கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

முதல் கூட்டத்துக்கு காரணம் பெரும்பாலும் வாயில இருக்கு. நாமளே "புள்ளி முப்பத்தஞ்சு"ன்னு வாசிக்கிறோம், ரூபா பைசா பழக்கம். காசுல எப்பவுமே ரெண்டு இடம்தான், அதனால புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு எண் அந்தப் பக்கம் ஒரு எண்ணுன்னு ரெண்டு தனி எண்ணாவே பசங்க பார்க்கப் பழகிடறாங்க. கிளாஸ்ல ஒரே ஒரு சட்டம் போட்டுடுங்க, புள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு இலக்கமா வாசிக்கணும், புள்ளி மூணு அஞ்சு. யாராவது முப்பத்தஞ்சுன்னா திரும்ப வாசிக்கச் சொல்லுங்க. ஒரு வாரம் எரிச்சலா இருக்கும், நீங்களே நாலு தடவை மறந்து மாட்டிப்பீங்க, பசங்க சந்தோஷமா பிடிச்சுக் காட்டுவாங்க, அதுவும் நல்லதுதான்.

காசை விட தராசு நல்ல சாமான். காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசுல கிலோவை மூணு தசம இடத்துல காட்டும், 0.250ன்னா கால் கிலோ, இது எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். 0.4 கிலோன்னா தராசுல என்னடா தெரியும்னு கேளுங்க, 0.400. அதாவது நானூறு கிராம். 0.35ன்னா முன்னூத்தம்பது கிராம். 0.09? இங்க ஒரு நிமிஷம் அமைதியா இருக்கும், அப்புறம் யாராவது ஒருத்தர் தொண்ணூறு கிராம்னு சொல்லுவாங்க, அந்த இடத்துல பாதிப் பிரச்சனை தீர்ந்துடும். வலது பக்கம் பூஜ்யம் போட்டா மதிப்பு மாறாது, இடையில போட்டா மாறும்ங்கறதை நீங்க விதியா சொல்லவே வேணாம்.

அடுத்து பசங்க கண்டிப்பா கிரிக்கெட்டைக் கொண்டு வருவாங்க, நீங்க கொண்டு வரலேன்னாலும். 4.3 ஓவர்ல இருக்கிற புள்ளி தசமப் புள்ளியே இல்ல, நாலு ஓவர் மூணு பந்துன்னு எழுதற ஒரு வழக்கம். இதை ஒதுக்காம நேராவே எடுங்க. 4.3 ஓவரும் 5.4 ஓவரும் சேர்ந்தா 9.7 ஓவரான்னு கேட்டா கிளாஸே சிரிக்கும், 27 பந்தும் 34 பந்தும் 61 பந்து, அதாவது 10.1 ஓவர். அப்புறம் 4.3 ஓவர்ல 36 ரன்னு, ரன் ரேட் என்னன்னு கேளுங்க. கால்குலேட்டர்ல 36ஐ 4.3ஆல வகுத்து 8.37ன்னு சொல்லுவாங்க. மூணு பந்துங்கறது அரை ஓவர், அப்போ 4.5ஆல வகுக்கணும், சரியா 8. ஒண்ணரை மணி நேரத்தை 1.30ன்னு எழுதற பழக்கத்தையும் இதோட சேர்த்து முடிச்சுடலாம், இல்லேன்னா ஒன்பதாவதுல வேகம் தூரம் கணக்கு வரும்போது 1.30ஆல பெருக்கி வச்சிருப்பாங்க.

இப்போ என் முக்கியமான விஷயம். வழக்கமா நாலு செயலும் சொல்லிக் கொடுத்துட்டு கடைசியில முழுதாக்கல்னு ரவுண்டிங்கை ஒரு தனித் தலைப்பா எடுப்போம். நான் மூணு நாலு வருஷமா அதை முன்னாடி இழுத்துட்டேன், கூட்டல் கழித்தல் ஆரம்பிக்கிறதுக்கே முன்னாடி. ஏன்னா பதில் உத்தேசமா எவ்வளவு வரும்னு தெரியாத பிள்ளைக்கு புள்ளி எங்க வைக்கணும்னு எப்படி தெரியும்?

ரவுண்டிங்கை "அஞ்சுக்கு மேலன்னா ஒண்ணு கூட்டு"ன்னு ஆரம்பிக்காதீங்க. ஒரு கோடு போடுங்க. 2.449ஐ ஒரு தசம இடத்துக்கு திருத்தமா எழுதணும்னா முதல் கேள்வி, இது எந்த ரெண்டு பேருக்கு நடுவுல குடியிருக்கு? 2.4க்கும் 2.5க்கும் நடுவுல. நடுப்புள்ளி 2.45. நம்ம எண் அதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? இந்தப் பக்கம், அப்போ 2.4. விதியை மட்டும் மனப்பாடம் பண்ண பிள்ளை என்ன பண்ணும்னா கடைசி 9ஐப் பார்த்து 2.45 ஆக்கி, திரும்ப அந்த 5ஐப் பார்த்து 2.5 ஆக்கிடும். ரெண்டு தடவை ரவுண்ட் பண்றது, ரொம்ப நல்லா படிக்கிற பிள்ளைங்ககூட விழற குழி இது. கோடு போட்டுப் பழகினவங்க விழமாட்டாங்க.

3.97ஐ ஒரு இடத்துக்குக் கேட்டா 4.0ன்னு எழுதணும், 4ன்னு எழுதினா நான் அரை மார்க் குறைப்பேன். சண்டைக்கு வருவாங்க, ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்னு, நாமதானே பூஜ்யம் போட்டா மாறாதுன்னு சொன்னோம்! மதிப்பு ஒண்ணுதான். ஆனா 4.0ன்னா பத்துல ஒண்ணு வரைக்கும் பார்த்துட்டுதான் சொல்றேன்னு அர்த்தம், வெறும் 4ன்னா 3.6ஆ இருந்தாலும் சொல்லியிருக்கலாம். நகைக்கடை பில்லைக் காட்டினா உடனே புரியும், அங்க கிராமையே மூணு தசம இடத்துக்கு எடை போடுவாங்க. செயின் 7.980 கிராம். கிராம் 9000 ரூபான்னு வச்சுக்கிட்டா அந்த 0.02 கிராமை ஒண்ணுமில்லன்னு 8ஆ ஆக்கினா 180 ரூபா போச்சு. வெண்டைக்காய் வாங்கறப்போ இருபது கிராமுக்குகூட யாரும் சண்டை போடமாட்டாங்க.

சரியா நடுவுல இருந்தா, அதாவது 2.45ஐயே குடுத்தா? பள்ளிக்கூட வழக்கம் மேல போறது, 2.5. அது ஒரு ஒப்பந்தம்தான்னு சொல்லிடுங்க, இயற்கை விதி மாதிரி சொல்லாதீங்க, ஏன்னா பதினொண்ணாவது பிசிக்ஸ் போனதும் அஞ்சு வந்தா முன்னாடி இருக்கிறது இரட்டைப்படைன்னா அப்படியே விடு, ஒற்றைப்படைன்னா ஒண்ணு கூட்டுன்னு வேற ஒரு வழக்கம் வரும். பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி கத்துக்கிற பிள்ளை 2.5ஐ ரவுண்ட் பண்ணச் சொன்னா 2ன்னு வருதே மிஸ்னு வந்து நிக்கும்.

கூட்டல் கழித்தலுக்கு ரொம்ப நேரம் எடுக்காதீங்க. 12.5ஐயும் 3.75ஐயும் வலது ஓரமா அடுக்கி கூட்டினவன் 5.00ன்னு எழுதியிருப்பான், பன்னெண்டரையோட இன்னொண்ணைக் கூட்டினா எப்படிடா அஞ்சு வரும்னு ஒரு கேள்வி போதும், புள்ளிக்கு நேரா புள்ளின்னு அவனே சொல்லிடுவான். 5 − 2.37 மட்டும் தனியா நாலஞ்சு போட வைங்க, 3.37ன்னு வரும், 5க்குப் பின்னாடி பூஜ்யம் இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாததால. 5.00ன்னு எழுத வச்சா சரியாயிடும்.

பெருக்கல்லதான் நின்னு நிதானமா போகணும். எல்லாரும் சொல்லித் தர்ற வழி, புள்ளியை மறந்துட்டு பெருக்கு, ரெண்டு எண்லயும் புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம்னு எண்ணி புள்ளி வை. வழி சரிதான், ஆனா 4.5 × 2.4 குடுத்துப் பாருங்க. 45ஐ 24ஆல பெருக்கினா 1080. கடைசிப் பூஜ்யத்தை தூக்கிப் போட்டுட்டு 108ல ரெண்டு இடம் எண்ணி 1.08ன்னு எழுதற பிள்ளை ஒவ்வொரு வருஷமும் உண்டு. நான் இப்போ பண்றது என்னன்னா, முதல்ல உத்தேசத்தை பேனாவுல எழுதணும், அழிக்கக் கூடாது: நாலு ரெண்டு எட்டு, அஞ்சு மூணு பதினஞ்சு, அப்போ பதில் 8க்கும் 15க்கும் நடுவுல. அதுக்கப்புறம்தான் பெருக்கல், கடைசியா புள்ளி. 1080ல புள்ளி எங்க வச்சா 8க்கும் 15க்கும் நடுவுல வரும்? ஒரே இடம்தான் இருக்கு. எண்ணிப் பார்க்கிறது அதுக்கப்புறம் சரிபார்க்க மட்டும். இதுக்குன்னு ஒரு பயிற்சி வச்சிருக்கேன், பெருக்கி முடிச்ச இலக்கத்தை நானே போர்டுல எழுதிடுவேன், புள்ளியை மட்டும் அவங்க வைக்கணும், பத்து கணக்கு அஞ்சே நிமிஷம்.

0.4 × 0.3க்கு மட்டும் இது போதாது, ஏன்னா பெருக்கினா பெருசாகும்ங்கற நம்பிக்கை மூணாவதுல இருந்து ஊறினது, அதனால 1.2ன்னு எழுதிட்டு நிம்மதியா இருப்பாங்க. கிராஃப் நோட்ல பத்துக்கு பத்து சதுரம் போடச் சொல்லுங்க. நாலு நெடுவரிசைக்கு நீலம், மூணு கிடைவரிசைக்கு மஞ்சள், ரெண்டும் சேர்ந்து பச்சையா தெரியற கட்டம் பன்னெண்டு, நூத்துல பன்னெண்டு, 0.12. கலர் பென்சில் எல்லாம் எட்டாவதுக்கு குழந்தைத்தனமா இருக்குன்னு நினைக்காதீங்க.

வகுத்தல்ல 6 ÷ 0.25க்கு 1.5ன்னு வரும், காலுன்னு பார்த்ததும் நாலால வகுத்துடுவாங்க. ஆறு கிலோ சர்க்கரையை கால் கிலோ பாக்கெட்டா போட்டா எத்தனை பாக்கெட்னு கேளுங்க, இருபத்துநாலு வாயிலயே வந்துடும். அப்புறம் 7.2 ÷ 0.12 மாதிரி கணக்குல ரெண்டையும் நூறால பெருக்கி 720 ÷ 12ஆ மாத்தறது தந்திரமா தெரியாது, கிலோவை கிராமா மாத்தறது மாதிரிதான்.

இது வரைக்கும் வந்தாச்சுன்னா ஒரு பெட்ரோல் பில் கொண்டு போங்க. லிட்டர் 100.80 ரூபான்னு வச்சுக்குவோம், 200 ரூபாய்க்கு போட்டா மெஷின்ல 1.98 லிட்டர்னு காட்டும். பசங்களை திரும்பப் பெருக்கச் சொல்லுங்க, 1.98 × 100.80, வர்றது 199.584. உடனே "42 பைசா ஏமாத்திட்டான் மிஸ்"னு கிளாஸே கொதிக்கும். விடுங்க, கொஞ்ச நேரம் கொதிக்கட்டும். அப்புறம் 200ஐ 100.80ஆல வகுத்துப் பார்க்கச் சொன்னா 1.984126ன்னு போயிட்டே இருக்கும். காட்டினது ரெண்டு இடம், ஊத்தினது அதுக்கும் மேல ஒரு துளி. காட்டற எண் வேற, கணக்குக்கு உள்ள ஓடற எண் வேறங்கறது இங்க பிடிபடும்.

ரவுண்ட் பண்றது கடைசிப் படியிலதான், நடுவுல கூடாதுன்னு சொல்றதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் பழைய அணா. 1957 ஏப்ரல் 1ல இருந்து ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்துச்சு, அதுக்கு முன்னாடி பதினாறு அணா. அப்போ ஒரு அணாங்கறது 6.25 நயா பைசா. கால் பைசா காசு கிடையாதே, அதனால ஒரு அணாவுக்கு 6, ரெண்டு அணாவுக்கு 12, மூணு அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25ன்னு பட்டியல் போட்டாங்க. இப்போ நாலு தடவை தனித்தனியா ஒரு அணாவுக்கு பட்டாணி வாங்கினா 24 பைசா, ஒரே தடவையா நாலணாவுக்கு வாங்கினா 25. ஒவ்வொரு தடவையும் ரவுண்ட் பண்ணா எங்க போய் நிக்கும்னு இதுல தெரியும். ரெண்டு அணா 12.5 ஆகணும், அதை 13 ஆக்காம 12 ஆக்கியிருக்காங்க பாருங்க, நடுவுல இருந்தா மேலதான் போகணும்ங்கறது ஒப்பந்தம்னு சொன்னேனே, அதுக்கும் இதுவே சாட்சி.

இன்னும் பெருசா வேணும்னா கனடாவுல வான்கூவர் பங்குச் சந்தை கதை சொல்லலாம். 1982 ஜனவரில பங்கு விலையெல்லாம் சேர்த்துக் காட்டற குறியீட்டு எண்ணை 1000ல ஆரம்பிச்சாங்க, ஒவ்வொரு தடவை கணக்குப் போடும்போதும் மூணாவது இடத்துக்கு அப்புறம் இருக்கிறதை ரவுண்ட் பண்ணாம வெட்டிட்டாங்க, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. 1983 நவம்பர்ல 524 கிட்ட வந்து நின்னுச்சு, சரியா திருத்திப் போட்டதும் 1098.892. வெட்டறது எப்பவும் கீழ் பக்கமே இழுக்கும், ரவுண்டிங் மேலயும் கீழயுமா போய் ஓரளவு ஈடு கட்டிக்கும்.

பேப்பர் திருத்தறவங்களுக்கு ஒரு வார்த்தை. 35 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தோட பரப்பளவுக்கு பை 22/7ன்னு போட்டா 3850 சதுர மீட்டர், 3.14ன்னு போட்டா 3846.5, உண்மையான மதிப்பு 3848.45 பக்கம். கேள்வில பை எதுன்னு சொல்லாம விட்டுட்டு விடைக்குறிப்புல இருக்கிறதுக்கு மட்டும் மார்க் போடறது அநியாயம். 3.14ஐ வச்சுப் பெருக்கிட்டு பதிலை ரெண்டு தசம இடத்துக்குக் கேக்கறது அதைவிட வேடிக்கை.

சில நேரம் கோடு போட்டுப் பார்க்கிற ரவுண்டிங்கே உதவாது. 100 பேர் டூர் போறாங்க, பஸ்ல 45 சீட்டு, 2.22 வருது, ரெண்டு பஸ் எடுத்தா பத்துப் பேர் ஸ்கூல்லயே நிப்பாங்க. 10 மீட்டர் துணி, சட்டைக்கு 2.25 மீட்டர், 4.44 வருது, அஞ்சாவது சட்டைக்கு துணி இல்ல. கடைசி வரியில பதிலை முழு வாக்கியமா எழுதச் சொன்னா இந்தத் தப்பு தானா குறையும்.

வீட்டுப்பாடத்துக்கு நான் குடுக்கிறது பழைய மளிகை பில். 2011 ஜூன் 30ல இருந்து 25 பைசாவும் அதுக்குக் கீழ இருக்கிற காசும் செல்லாது, அம்பது பைசாவையும் யாரும் வாங்கறதில்ல, அதனால பில்லுல ரவுண்ட் ஆஃப்னு ஒரு வரி இருக்கும். 347.60 இருந்தா 348, 347.30 இருந்தா 347. ஒரு மாச பில்லை சேர்த்து அந்த வரியை மட்டும் கூட்டிட்டு வரணும். பெரும்பாலும் கூட்டலும் கழித்தலும் அடிபட்டு ஒரு ரூபாய்க்குள்ளதான் நிக்கும். போன வருஷம் ஒரு பொண்ணு கொண்டு வந்த பில்லு அஞ்சும் மேல் பக்கமே போயிருந்துச்சு, 212.20கூட 213. இது பக்கத்து முழு எண்ணே இல்லையே மிஸ்னு என்கிட்ட காட்டிட்டு நேரா கடைக்கே போய் கேட்டிருக்கா, கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே ஒரு மிட்டாய் குடுத்து அனுப்பியிருக்கார். மறுநாள் வந்து சொல்றா, "அந்த பில்லுல அவர் கூட எடுத்தது 0.80, குடுத்தது ஒரு ரூபா மிட்டாய், இப்போ அவருக்குதான் 0.20 நஷ்டம் மிஸ்."