உபயம், கச்சேரி, குரோதி௵: கரையோரத்துப் பழைய பலகைகளைப் படிக்கும் முறை

இராமேசுவரத்திலிருந்து தொண்டி வரையிலான கரையோரத்தில், சத்திரங்களிலும் ஊருணிகளிலும் கோயில் மண்டபங்களிலும் பதிக்கப்பட்ட பழைய கற்பலகைகளைத் தமிழ் நன்கு படித்தவர்கள்கூட இரண்டு சொல்லுக்கு மேல் வாசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். சில திறவுகோல்கள் கையிலிருந்தால் அவற்றை எவரும் படித்துவிடலாம்.

முதலில் ஆண்டைத் தேடுங்கள். பெயருக்குப் பின் வரும் ௵ வருடத்தையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும். ௸ என்றால் மேற்படி. ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அவசரப்படக் கூடாது, ஏனெனில் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பிவிடும். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பர் புயல் குரோதி வருடத்து மார்கழியில் வந்தது. 1904-லும் 2024-லும் பிறந்தவையும் குரோதிதான். எனவே எழுத்து வடிவம், பட்டப்பெயர், ஆட்சிப் பெயர் ஆகியவற்றோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆண்டு சித்திரையில் பிறப்பதால் மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதையும் மறக்கக் கூடாது: பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்ட 1914 பிப்ரவரி, 1913-இல் பிறந்த பிரமாதீச வருடத்தின் மாசியாகும். சகாப்தம், அதாவது சக ஆண்டு, என்றிருந்தால் ஆங்கில ஆண்டைப் பெற 78 கூட்டுங்கள். கலியுக ஆண்டானால் 3101 கழியுங்கள். கீழக்கரைப் பகுதிப் பள்ளிவாசல்களில் காணும் ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் நிலையான ஓர் எண்ணைக் கூட்டிப் பெற முடியாது. ஹிஜ்ரி 1300 என்பது 1882-83.

அடுத்துச் சொற்கள். 'உபயம்' என்பது கொடை. அதை ஒட்டி நிற்கும் பெயர் கொடுத்தவருடையது, கட்டிய கொத்தனாருடையது அன்று. 'கச்சேரி' என்றால் பாட்டு அன்று, அலுவலகம். தாலுகா கச்சேரி இன்றைய வட்டாட்சியர் அலுவலகம். 'ஸ்தாபிதம்' நிறுவப்பட்டது, 'கனம்' இன்றைய 'மாண்புமிகு' நிற்கும் இடத்தில் அன்று நின்ற சொல். 'இராமநாதபுரம் ஜில்லா' என்று கண்டால் இன்றைய மாவட்டத்தை மட்டும் நினைக்காதீர்கள். 1985-இல் பிரியும் வரை சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள் அடங்கியிருந்தன.

இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் தானச் சாசனங்கள் தனி அழகுடையவை. 'சர்வமானியம்' வரியில்லாமல் விடப்பட்ட நிலம்; 'சந்திராதித்தவரை' என்பது சந்திரனும் சூரியனும் உள்ளளவும். இறுதியில் பெரும்பாலும் ஒரு எச்சரிக்கை வரும்: இந்தத் தர்மத்துக்கு 'அகிதம்' பண்ணினவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போவான் என்பது அதன் போக்கு. அகிதம் என்றால் தீங்கு. காவலாளே இல்லாத வெட்டவெளிச் சத்திரத்தை ஒரு வாக்கியத்தால் காக்க நினைத்த அந்த நம்பிக்கை என்னை ஒவ்வொரு முறையும் நிற்க வைக்கிறது.

'லை', 'னை' ஆகியவற்றில் துதிக்கை போன்ற வளைவு முன்னால் ஏறி நின்றால் குழம்ப வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது.

உப்புக்காற்று அரித்த எழுத்து, வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ தெளிவாகத் தெரியும். பெயிண்டால் எழுத்தை நிரப்புவதும் கம்பியால் சுரண்டுவதும் கூடவே கூடாது. பக்கவெளிச்சத்தில் படமெடுத்து, ஊரும் இருக்கும் இடமும் குறித்துக்கொண்டு, இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனையிலுள்ள தொல்லியல் துறையினரிடம் காட்டுங்கள்.