தமிழ் மருந்தா, இங்கிலிஷ் மருந்தா: நோயாளியின் மனதைக் கேட்டு அளக்கும் முறை

தமிழ் மருந்தையும் இங்கிலிஷ் மருந்தையும் பற்றி நோயாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்க நான் முதன்முதல் தயாரித்த வினாக்கொத்தின் முதலாவது வசனம் "மாற்று மருத்துவத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு" என்பது. சீனி வருத்தக் கிளினிக்கில் வாங்கில் இருந்த ஒரு அம்மாவுக்கு அதை வாசித்தேன். "ஓம் பிள்ளை, போன மாதமும் மாத்தித்தான் தந்தவை. முந்தின குளிசையை விட இது பரவாயில்லை" என்றா. மாற்று மருத்துவம் என்றால் அவவுக்குக் குளிசை மாற்றுவது. அதற்கு முதல் நாற்பது பேரிடம் அதே வசனத்தைக் கேட்டுப் புள்ளியும் போட்டு வைத்திருந்தேன். அந்த நாற்பது தாளும் எதற்கும் உதவவில்லை.

கைதடியில் சித்த மருத்துவம் படித்தவள் நான். இப்போது யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் இந்த வகை ஆய்வுகளுக்குத் தரவு சேகரிக்கிறேன். ஆய்வு தொடங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு முதலில் சொல்வது சொல்லைப் பற்றித்தான்.

மாற்று மருத்துவம், சுதேச மருத்துவம், மேலைத்தேய மருத்துவம் எல்லாம் படிவத்தில் எழுதும் சொற்கள். சனத்தின் வாயில் இருப்பது தமிழ் மருந்து, பரியாரியார் மருந்து, கைமருந்து, இங்கிலிஷ் மருந்து. பரியாரியார் காய்ச்சித் தரும் நோவெண்ணெய், அரச சித்த மருந்தகச் சூரணம், வீட்டில் அவிக்கும் கொத்தமல்லி மூன்றையும் ஒரே பெயரில் கேட்கக்கூடாது. "கொத்தமல்லி மருந்தோ? தடிமனுக்குக் குடிக்கிறதுதானே" என்பார்கள். தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆங்கில வினாக்கொத்தை வரிக்கு வரி தமிழாக்குவதால் வேறு சிக்கலும் வரும். மாற்று மருத்துவம் பற்றிய மனப்பான்மையை அளக்க ஹைலண்ட், லூவித் என்ற ஆய்வாளர்களின் குழு 2003இல் வெளியிட்ட 11 வசன அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. வழமையான மருத்துவம் கைவிட்ட பிறகு, கடைசி வழியாக மட்டுமே மற்றதை நாடவேண்டும் என்ற கருத்தில் அதில் ஒரு வசனம் உண்டு. கை முறிந்தால் நேரே பரியாரியாரிடம் போகிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களுக்கு எது வழமை, எது கடைசி? 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் படிப்பித்து நூல்களையும் தமிழாக்கியவர். அதைத் தமிழில் சொல்ல முடிந்த ஊரில், இருபது வசனத்தைத் தமிழிலேயே யோசித்து எழுத நமக்கு முடியும்.

அடுத்தது, இரண்டு மருத்துவத்தையும் ஒரே கோலின் இரண்டு நுனியாக வைக்காதீர்கள். "எது நல்லது, தமிழ் மருந்தோ இங்கிலிஷ் மருந்தோ" என்று கேட்டால் ஒன்றைத் தள்ளச் சொல்லி ஆளை நெருக்குகிறீர்கள். பிரசர் குளிசையை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டே முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறவர் எதையும் தள்ளவில்லை. தமிழ் மருந்துக்குப் பத்து வசனம், இங்கிலிஷ் மருந்துக்குப் பத்து வசனம், கூட்டுத்தொகையும் வேறு வேறு. கிளினிக்கில் நான் கண்ட பலர் இரண்டிலும் உயரத்தான் நின்றார்கள். அதோடு காய்ச்சல், முறிவு, செங்கமாரி, சீனி என நோயைச் சொல்லி எங்கே முதலில் போவீர்கள் என்றும் கேளுங்கள். நோய்க்கு நோய் மனம் மாறும்.

ஒரு வசனத்தில் ஒரு விடயந்தான் இருக்கலாம். "தமிழ் மருந்து மலிவானது, பக்கவிளைவு இல்லாதது" என்றால் எதற்கு ஓம் சொன்னார் என்று தெரியாது. சில வசனங்கள் குறை சொல்வதாகவும் இருக்கட்டும்: "பத்தியம் காக்கிறது கரைச்சல்", "டொக்டர் என்னோடை கதைக்க நேரம் ஒதுக்கிறேல்லை." ஒவ்வொரு வசனத்துக்கும் 1 முதல் 5 வரை புள்ளி என்பதால், குறை சொல்லும் வசனங்களின் புள்ளியை 6இலிருந்து கழித்துத் திருப்பிப் போடவேண்டும்.

ஐந்து படி விடையை வாசித்துக் காட்டினால் வயதானவர்கள் களைத்துப்போவார்கள். முதலில் "ஓமோ, இல்லையோ, சொல்லத் தெரியேல்லையோ" என்று கேளுங்கள். ஓம் என்றால் "நல்லா ஓமோ, ஓரளவுக்கு ஓமோ". இல்லை என்றாலும் அப்படியே. இரண்டு எட்டில் ஐந்து படியும் வந்துவிடும்.

யார் கேட்பது என்பதும் விடையை மாற்றும். கைதடியில் படித்தவள் என்று நான் சொன்ன நாட்களில் எல்லோரும் தமிழ் மருந்தைப் புகழ்ந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவன் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் சேராத ஒருவர், சாதாரண உடுப்பில், கிளினிக் கொப்பியைக் கொடுத்துவிட்டுப் பேர் கூப்பிடும்வரை காத்திருக்கும் நேரத்தில் கேட்பது நல்லது. சித்த மருந்தகத்திலும் ஆஸ்பத்திரியிலும் சம அளவு ஆட்களை எடுங்கள்.

பெரிய ஆய்வுக்கு முன் பத்துப் பதினைந்து பேரிடம் வாசித்து, "இதிலை உங்களுக்கு என்ன விளங்கினது?" என்று திருப்பிச் சொல்லவையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் என் நாற்பது தாளும் தப்பியிருக்கும். பிறகு ஒரு வசனத்துக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்ற கணக்கில் ஆள் சேருங்கள். வசனங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டுகின்றன என்று காட்டும் எண்ணான குறொன்பாக் அல்பாவை ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகப் பாருங்கள். 0.7க்குக் கீழே போனால், எந்த வசனம் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று தேடுங்கள்.

நினைப்பும் செய்கையும் வேறு என்பதால் கடைசிப் பக்கத்தில், கடந்த 12 மாதத்தில் என்ன எடுத்தீர்கள், அதை டொக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்கிறேன். ஒரு ஆச்சி சீனிக் குளிசையோடு தினமும் பாகற்காய்ச் சாறும் குடித்துவந்தா. அடிக்கடி தலைசுற்று, வியர்வை. "சொன்னால் பேசுவினம் பிள்ளை" என்று ஒளித்துவிட்டா. இரண்டும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். இப்படி ஒன்று வெளிவந்தால் என்ன செய்வது என்பதை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். நான் பேனையை வைத்துவிட்டு, "ஆச்சி, நான் மிஸ்ஸிட்டைச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். தலையாட்டினா. கையைப் பிடித்துத் தாதியிடம் கூட்டிக்கொண்டு போனேன்.