சுப்பீரியர் ஏரியின் கல்லுக் கரைக்கு வெளிக்கிட முன்

கனடாவில் முதல் கோடைகாலம் வந்ததும் ஸ்காபரோ, மார்க்கம் குடும்பங்கள் பெரும்பாலும் வசாகா கடற்கரைக்குத்தான் போகின்றன. அங்கே மணல் உண்டு, கடை உண்டு, சனமும் உண்டு. சனமில்லாத கரை வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். சுப்பீரியர் ஏரியின் கிழக்குக் கரையில், ஒன்ராறியோவின் லேக் சுப்பீரியர் மாகாணப் பூங்காவுக்குள் இருக்கும் கார்காண்டுவா துறை அப்படியான ஓரிடம். சிறிய குடா, கூழாங்கல் கரை, பின்னால் காடு. கடையோ உயிர்காப்பாளரோ கிடையாது. தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்றும் நம்பிப் போகக் கூடாது. அங்கே அமைதியாக இருப்பதற்குக் காரணமே உதவி தூரத்தில் இருப்பதுதான். ஆயத்தம் எல்லாவற்றையும் இதை வைத்தே செய்யுங்கள்.

ரொறன்ரோவில் இருந்து ஏறக்குறைய 900 கிலோமீற்றர். நெடுஞ்சாலை 400, பிறகு 69, சட்பரியில் இருந்து 17. சட்பரி வரை நாலு, நாலரை மணித்தியாலம். அங்கிருந்து சூ செயின்ட் மேரிக்கு மூன்றரை. சூவில் இருந்து பூங்காவின் அகவா குடாவுக்கு இன்னும் ஒன்றரை. ஒரே நாளில் ஓடி முடிக்க நினைக்க வேண்டாம். சட்பரியிலோ சூவிலோ ஓர் இரவு தங்குங்கள். சூவில் பெற்றோல் தாங்கியை நிரப்பி, சாப்பாட்டுச் சாமான்களையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். வடக்கே போகப் போக பெற்றோல் நிலையங்கள் குறையும், விலை கூடும். பூங்காவைத் தாண்டினால் அடுத்த ஊர் வாவா.

புதிதாக வந்தவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று: சூ செயின்ட் மேரி எல்லை ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் மிச்சிகன், நடுவில் பாலம். லண்டன், வின்சர் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கைத்தொலைபேசி வரைபடம் மிச்சிகன் ஊடாகக் குறுக்கு வழி காட்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்திருந்தாலும், அமெரிக்க விசா வேண்டும். அகதிக் கோரிக்கை முடியாமல் இருப்பவர்கள் தவறுதலாக எல்லையைக் கடந்தால் பெரிய சிக்கலில் மாட்டுவார்கள். பாதை கனடாவுக்குள்ளேயே போகிறதா என்று புறப்பட முன் பாருங்கள். சூவில் பாலத்துக்கான பலகையைக் கண்டால் அந்த ஒழுங்கைக்குள் இறங்க வேண்டாம்.

பூங்காவுக்குள் வாகனத்தை நிறுத்தி இறங்க நாள் அனுமதிச்சீட்டு தேவை. ஒன்ராறியோ பூங்காக்களின் இணையத்தளத்தில் முன்கூட்டியே எடுக்கலாம். தெற்கிலிருந்து வருபவர்களுக்கு முதலில் வரும் அகவா குடா அலுவலகத்திலும் எடுக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால், வெளியே தெரியும்படி வையுங்கள். ஒன்ராறியோவின் பல பொது நூலகங்கள் நூலக அட்டைக்கு இந்த அனுமதியை இரவலாகத் தருகின்றன. உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள். கூடாரம் போட்டுத் தங்க விரும்பினால் இடத்தை 5 மாதம் முன்பிருந்தே பதிவு செய்யலாம். ஓகஸ்ட் சனி, ஞாயிறுக்குக் கடைசி நேரத்தில் தேடினால் ஏமாற்றம்தான்.

அகவா அலுவலகத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: கார்காண்டுவா வீதி திறந்திருக்கிறதா? நெடுஞ்சாலை 17இல் வடக்கே போகும்போது இடது பக்கம் பிரியும் இந்த வீதி 14 கிலோமீற்றர் முழுவதும் கிரவல். பனிக்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் மூடியிருக்கும். பெருமழைக்குப் பிறகு பள்ளம் விழும். மணிக்கு 30க்கு மேல் ஓட வேண்டாம். வேகமாக ஓடினால் கல் தெறித்துக் கண்ணாடி வெடிக்கும், கூர்க்கல் ரயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். பக்கச் சுவர் கிழிந்த ரயரை ஒட்ட முடியாது. மேலதிக ரயர், ஜக், திருகுச்சாவி மூன்றும் காரில் இருக்கின்றனவா என்று வீட்டிலேயே திறந்து பாருங்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் மேலதிக ரயருக்குப் பதிலாகக் காற்றடிக்கும் பெட்டி மட்டுமே இருக்கிறது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை வாசியுங்கள். பல ஒப்பந்தங்கள் கிரவல் வீதியில் ஓடுவதைத் தடை செய்கின்றன. அங்கே சேதம் வந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். வீதி மூடியிருந்தாலோ சின்னக் குழந்தைகள் கூட இருந்தாலோ கவலைப்படாமல் கத்தரின் கோவுக்குப் போங்கள். அது நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது, மணல் கரை, ஆழமும் குறைவு.

கரையில் கிடக்கும் கற்கள் உருளைக்கிழங்கு அளவிலிருந்து தேங்காய் அளவு வரை இருக்கும். காய்ந்த கல் பிரச்சினை இல்லை. நீர் விளிம்பில் கறுப்பாகப் பளபளக்கும் கல்லில் மெல்லிய பாசி படிந்திருக்கும், அதில் கால் வைத்தால் சறுக்கும். பாட்டாச் செருப்போடு போகிறவர்களுக்குத்தான் கணுக்கால் பிரளும். விரல் மூடிய, நனைந்தாலும் பரவாயில்லாத பழைய சப்பாத்து ஒன்று ஆளுக்கு வேண்டும். கல்லின் உச்சியில் மிதிக்காமல் இரண்டு கல் சேரும் இடுக்கில் பாதத்தை வைத்தால் கல் உருளாது. கரையொதுங்கிய பெருமரங்களில் பிள்ளைகள் ஏறி நடக்க ஆசைப்படுவார்கள். ஈரமான மரம் கல்லைவிட மோசமாகச் சறுக்கும். அலை பலத்தால் மரமே புரளும்.

இனித் தண்ணீர். சுப்பீரியர் பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி: ஏறக்குறைய 82,000 சதுர கிலோமீற்றர், மிக ஆழமான இடத்தில் 400 மீற்றருக்கு மேல். இவ்வளவு தண்ணீரும் ஒரு கோடையில் சூடாகாது. ஜூலையிலும் திறந்த கரையில் மேல்நீர் பல நாட்களில் 10 முதல் 15 பாகைதான் இருக்கும். ஓகஸ்டில் ஒதுக்கான குடாக்களில் அதைவிடக் கூடும். ஆனால் தரையிலிருந்து ஏரிப் பக்கமாக ஒரு நாள் காற்று அடித்தால் சூடான மேல்நீர் வெளியே தள்ளப்பட்டு அடியிலுள்ள குளிர்நீர் மேலே வந்துவிடும். நேற்றுக் குளித்த இடத்தில் இன்று நிற்கவே முடியாது. வெயில் 28 பாகை அடிப்பதை வைத்துத் தண்ணீரைக் கணிக்க வேண்டாம். மாத்தறையிலோ மெரினாவிலோ பழகிய உடம்புக்கு இது முற்றிலும் வேறு தண்ணீர்.

குளிர்நீரில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை 1-10-1 என்று கனடாவில் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் போனால் நன்றாக நீந்துகிறவரும் தண்ணீரை உறிஞ்சிவிடுவார். ஆகவே அந்த நிமிடத்தில் நீந்த முயலாமல், முகத்தை மேலே வைத்து மூச்சைச் சீராக்குவது மட்டும்தான் வேலை. அடுத்த 10 நிமிடம்வரைதான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். கரைக்கு வருவதோ கயிறு பிடிப்பதோ அதற்குள் நடக்க வேண்டும். அதன் பிறகு, உயிர்காப்பு அங்கி மிதக்க வைத்திருந்தால், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். அங்கி இல்லாவிட்டால் அந்த ஒரு மணித்தியாலமே கிடைக்காது. பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் நனையப் போகிறார்கள் என்றால் அங்கி போட்டே விடுங்கள். சில பூங்காக்களில் வைப்புப் பணம் வாங்கிக்கொண்டு இரவலாகத் தருவார்கள். காற்றடைத்த மெத்தை, வளையம், அன்னப்பறவை எதையும் இந்த ஏரிக்குக் கொண்டு போக வேண்டாம். தரைக்காற்று அவற்றை ஒரு பெரியவர் நீந்தும் வேகத்தைவிட விரைவாக வெளியே கொண்டுபோகும். பின்னால் நீந்திப் போகிறவர்தான் பெரும்பாலும் ஆபத்தில் மாட்டுவது.

கூழாங்கல் கரை சட்டென்று ஆழமாகும். இடுப்பளவு என்று நினைத்து இரண்டு அடி எடுத்து வைத்தால் தலைக்கு மேல். காதையும் பழக்கிக்கொள்ளுங்கள்: அலை திரும்பிப் போகும்போது கற்கள் கடகடவென்று உருண்டு இழுபடும் சத்தம் கேட்டால், ஒரு பிள்ளையின் காலை வாருமளவு இழுப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது எல்லோரும் கரைக்கு மேலே. இங்கே வற்றுப்பெருக்கு என்று சொல்லுமளவு எதுவும் இல்லை. ஆனால் மேற்குக் காற்று ஏரியின் குறுக்கே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தடையின்றி வருவதால் அலை விரைவில் எழும். காலையில் சுற்றுச்சூழல் கனடாவின் கடல்சார் முன்னறிவிப்பில் சுப்பீரியர் கிழக்குப் பகுதியைப் பாருங்கள். அலை 1 மீற்றர் என்று போட்டிருந்தால் அன்று கரையில் இருந்து பார்ப்பதற்கு மட்டும்தான்.

நனைந்து வந்த ஒருவர் நடுங்குகிறார், பேச்சுக் குழறுகிறது, கைவிரல் பொத்தானைப் போட மறுக்கிறது என்றால் உடனே ஈர உடுப்பைக் கழற்றி, துடைத்து, போர்வையால் சுற்றுங்கள். தெளிவாக இருந்தால் சீனி கூடப் போட்ட சூடான தேத்தண்ணீர் கொடுக்கலாம். கைகாலைத் தேய்க்கக் கூடாது, சாராயம் கொடுக்கவே கூடாது. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். ஆளுக்கு ஒரு கம்பளி அல்லது ஃபிளீஸ் மேலாடை, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், மாற்றுடுப்பு காரில் இருக்கட்டும்.

எப்போது போவது? மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்கக் கறுப்பு ஈ கடிக்கும். நுளம்பைவிடச் சிறியது, ஆனால் இரத்தம் வழியக் கடிக்கும், வீக்கம் நாள்கணக்கில் நிற்கும். ஜூனிலும் ஜூலையிலும் நுளம்பு. ஓகஸ்ட் இரண்டாம் பாதிதான் குடும்பத்துக்கு நல்ல காலம்: பூச்சி குறைவு, தண்ணீரும் இருப்பதில் சூடு. 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 20 வீதம்வரை இகாரிடின் உள்ள பூச்சி விரட்டி மருந்து பூசலாம். அதற்குக் குறைந்த குழந்தைக்கு வலை மட்டும். டீட் (DEET) உள்ள மருந்து என்றால் 12 வயது வரை 10 வீதத்துக்கு மேல் வேண்டாம். வெளிர் நிற நீளக் காற்சட்டையும் நன்றாக உதவும்.

சாப்பாடு எங்களுக்கு முக்கியம், கரடிக்கும் அப்படித்தான். கருங்கரடி இந்தக் காட்டில் சாதாரணம். மீன் பொரித்த சட்டி, கோழிக்கறி எலும்பு, குளிர்ப்பெட்டி, பற்பசைகூட வெளியே இருக்கக் கூடாது. சாப்பிட்ட கையோடு கட்டிக் காரின் பின்பெட்டிக்குள் வையுங்கள். கூடாரத்துக்குள் சாப்பாடு கொண்டுபோகவே கூடாது. புளிச்சாதம், பாணும் சம்பலும், அவித்த முட்டை போன்றவை இந்தப் பயணத்துக்கு வசதி: சமைக்கத் தேவையில்லை, மிச்சமும் குறைவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் குடிதண்ணீர். ஏரி நீர் கண்ணாடி போலத் தெரிந்தாலும் 1 நிமிடம் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். நெருப்பு, தடை இல்லாத நாட்களில், அதற்கென்று உள்ள நெருப்புக் குழியில் மட்டும். நீர் விளிம்பில் எடுத்த ஈரக் கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள். உள்ளே நீர் ஆவியாகி வெடித்துச் சிதறும்.

அந்தக் கற்களை எடுத்துக்கொண்டு போகவும் கூடாது, பூங்காச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் விட்டுவிட்டு வரவேண்டிய கற்கள்தான். கார்காண்டுவா முனையின் கருங்கற்கள் ஏறக்குறைய 110 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வெளிவந்தவை. பனியுகத்துப் பனிக்கட்டியின் பாரம் நீங்கி நிலம் மெல்ல உயர்வதால், பழைய கரைகள் இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே காட்டுக்குள் கல்மேடாகக் கிடக்கின்றன. அவற்றின் மேல் படிந்த லைக்கன் (பாறையில் ஒட்டி வளரும், பாசி போன்ற உயிர்) வளர நூற்றாண்டுகள் எடுக்கும், ஆகவே அந்த மேடுகளில் நடக்க வேண்டாம். இந்தத் துறையில் ஒருகாலம் மீனவக் குடியிருப்பு இருந்தது. 1909இல் இங்கே எரிந்து மூழ்கிய கொலம்பஸ் என்ற நீராவிக் கப்பலின் மிச்சம் இன்னும் தண்ணீருக்குள் கிடக்கிறது. இரும்பும் ஆணியும் இருப்பதால் அந்தப் பக்கம் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், ஒரு துண்டையும் எடுக்க வேண்டாம். முனைக்கு அப்பால் தெரியும் கதிரை வடிவப் பாறைத்தீவு, இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள், தங்கள் மரபுக் கதைகளின் நாயகனான நானபோஜோ இளைப்பாறிய இடமென்று போற்றுவது. கோயிலில் நடப்பதுபோல் நடந்துகொள்ளுங்கள். அகவா பாறையின் செங்காவி ஓவியங்களையும் பார்க்கலாம், ஆனால் விளிம்பு குறுகலானது; ஏரி அமைதியாக இருந்தால் மட்டும் இறங்குங்கள், ஓவியத்தில் கை வைக்காதீர்கள்.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்குப் பிறகு எத்தனை மணிக்குப் பொலிஸை அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வையுங்கள். ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் செய்மதி வழி அவசர அழைப்பு உண்டு. வானம் திறந்த இடத்தில் நின்றால்தான் வேலை செய்யும், காட்டுக்குள் நின்றால் செய்யாது.

பொழுதுபட முன் கிரவல் வீதியை விட்டு நெடுஞ்சாலைக்கு வந்துவிடுங்கள். அந்தி நேரத்தில் மூஸ் (மிகப் பெரிய மான் வகை) வீதிக்கு ஏறும். அதன் நிறம் இருட்டு, உயரம் காரின் விளக்கு வெளிச்சத்துக்கு மேல், ஆகவே சாதாரண மானைப் போலக் கண் மின்னும் என்று எதிர்பார்க்க முடியாது. வேகத்தைக் குறையுங்கள். கண்டால் பலமாக பிரேக் பிடியுங்கள், எதிர்த் திசைக்கு வெட்டி ஓட்ட வேண்டாம். களைப்பாக இருந்தால் சூவுக்கு ஓடாமல் அன்றிரவு வாவாவில் தங்குவது நல்லது.