பயத்துக்கும் ‘ஸியா’, சந்தோஷத்துக்கும் ‘ஸியா’

மழை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இத்தாலியனில் இது ‘தேமோ கே பியோவா’. ‘பியோவே’ என்றால் மழை பெய்கிறது. அது ‘பியோவா’ ஆனதும் நம் ‘வந்துவிடுமோ’வின் ஓகாரம் போல ஒரு சந்தேகம் வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த வினை வடிவத்தைத்தான் கொன்ஜுந்தீவோ என்கிறார்கள். பயம் என்றால் தமிழ்க் காதுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

வம்பு சந்தோஷத்தில்தான். நண்பர் எதிரிலேயே நிற்கிறார், சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று, ‘நீ இங்கே இருப்பது சந்தோஷம்’ என்பதை ‘ஸோனோ ஃபெலிச்சே கே ஸேய் க்வி’ என்று சொல்லிவிடுகிறோம். இலக்கணப்படி அது ‘கே தூ ஸியா க்வி’; ‘இருக்கிறாய்’ என்ற ‘ஸேய்’தான் இங்கே ‘ஸியா’ ஆகிறது. நண்பர் வந்தது உறுதியா இல்லையா என்பது இங்கே கணக்கே இல்லை. நம் ‘என்று’ போல இணைக்கும் ‘கே’க்கு முன்னால் ஓர் உணர்ச்சி உட்கார்ந்திருந்தால் போதும், பின்னால் கொன்ஜுந்தீவோ. வருத்தத்துக்கும் அப்படியே: ‘மி திஸ்பியாச்சே கே தூ நோன் போஸ்ஸா வெனீரே’, நீ வர முடியாதது வருத்தமாக இருக்கிறது. இதில் ‘தூ’வை, அதாவது ‘நீ’யை, விழுங்கிவிடாதீர்கள். நான், நீ, அவன் மூவருக்கும் ‘போஸ்ஸா’ ஒன்றுதான். ஆனால் ‘நல்லவேளை’ என்பதற்கு வரும் ‘மேனோ மாலே கே’ இந்தக் கூட்டத்தில் சேராது: ‘மேனோ மாலே கே ஸேய் வெனூத்தோ’, நல்லவேளை நீ வந்தாய், என்று சாதாரண வடிவமே வரும்.

அடுத்த தவறை நான் போலோஞா ரயில் நிலையத்தில் செய்தேன். ‘ரயிலை விட்டுவிடுவேனோ என்று பயம்’ என்பதை அப்படியே மாற்றி, ‘ஒ பவூரா கே பெர்தா இல் த்ரேனோ’ என்றேன். கூட வந்தவர் திரும்பி, ‘கி?’ என்றார். யார்? பயப்படுவது நான், ரயிலை விடப்போவது வேறு யாரோ என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்றால் ‘கே’யும் வேண்டாம், கொன்ஜுந்தீவோவும் வேண்டாம்: ‘ஒ பவூரா தி பெர்தெரே இல் த்ரேனோ’. தமிழில் ‘என்று’ போட்டு எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம் என்பதால் இந்தப் பழக்கம் நம்மை எளிதில் விடுவதில்லை.

அப்புறம் விகுதிக் குழப்பம். ‘அரே’ என்று முடியும் வினைகளில் ‘அர்ரீவா’ என்பது ‘அர்ரீவி’ ஆகும். மற்றவற்றில் தலைகீழாக ‘பார்தே’ என்பது ‘பார்தா’ ஆகும். ‘தேமோ கே மார்கோ அர்ரீவி தார்தி’, மார்கோ தாமதமாக வருவானோ என்று பயம். ‘அர்ரீவி’ என்றால் ‘நீ வருகிறாய்’ என்றும் பொருள் என்பதால் கை தயங்கி ‘அர்ரீவா’ என்று எழுதிவிடும்.

பயமே பழைய கதை என்றால் பின்னால் வருவதும் பின்னுக்குப் போகும்: ‘தெமேவோ கே பியோவெஸ்ஸே’, மழை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். இத்தாலியர்களே பேச்சில் ‘ஒ பவூரா கே பியோவே’ என்று சொல்வதைக் கேட்பீர்கள். அவர்களுக்குச் சரி. தேர்வில் நாம் அப்படி எழுதினால் சிவப்பு மைதான்.